பாவாடைக்கு ஒரு வியாதி

முதல்லயே சொல்லிடறேன், அந்தப் பாவாடை என்னோடது. நான்தான் எடுத்துக் குடுத்தேன். இப்ப ஆளாளுக்கு ஒரு கதை கட்டறாங்க. எங்க வீட்டுக்காரர் எனக்குத் தெரியாம எடுத்துக் கட்டிக்கிட்டாருன்னு ஒரு கதை, நான் அவரை முந்தானையில முடிஞ்சு வெச்சிருந்ததோட பலன் இதுன்னு இன்னொரு கதை. ஒரு மண்ணும் இல்லை. பட்டப்பகல்ல, சிரிச்சுக்கிட்டே, நானே பீரோவுல இருந்து எடுத்து, இடுப்பு ஹூக்கைத் தள்ளித் தைச்சுக் குடுத்தேன். கம்பெனி குடுத்த சாம்பல் கலர் யூனிஃபார்ம் பாவாடை. என்கிட்ட ரெண்டு இருந்துச்சு, அதுல ஒண்ணு.

நானும் எங்க வீட்டுக்காரரும் ஒரே இடத்துலதான் வேலை பார்க்கறோம். சலவைக் கம்பெனி. ஆஸ்பத்திரி, லாட்ஜ், ஹாஸ்டல்னு எல்லா இடத்துல இருந்தும் வண்டி வண்டியா பெட்ஷீட் வரும். தோய்ச்சுப் பிழிஞ்சு ஈரத்தோட எங்க கூடத்துக்கு வரும். கூடத்துக்கு நடுவுல ரோலர் மெஷின், ஒரு லாரி நீளத்துக்குப் படுத்திருக்கும். உள்ளே ஆவி ஓடும். இந்தப் பக்கம் ரெண்டு ஆம்பளைங்க ஆளுக்கொரு முனையைப் பிடிச்சு, ஷீட்டை விறைப்பா இழுத்து ரோலருக்குள்ளே குடுப்பாங்க. அந்தப் பக்கம் அது சுடச்சுட வெளிய வரும், ரெண்டு பொம்பளைங்க வாங்கி மடிப்போம். அதனால அது கொடுக்கற பக்கம், இது வாங்கற பக்கம். கொடுக்கற பக்கத்துக்குச் சம்பளமும் கூட, கம்பெனி வீடும் உண்டு. வாங்கற பக்கத்துக்கு என்ன உண்டுன்னு கேட்டா, கையில கொப்புளம் உண்டு.

எங்க வீட்டுக்காரர் கொடுக்கற பக்கம். அவருக்கு ஜோடி, மீசை. அவனுக்கு வேற பேர் இருக்கு, ஆனா அந்த மீசையைப் பார்த்தவங்களுக்குப் பேர் கேட்கணும்னே தோணாது. சங்கத்துக்கும் அவன்தான் தலைவர். இவரை அண்ணேம்பான், என்னை அண்ணிம்பான், எங்க வீட்ல தட்டைப் போட்டு உரிமையா உட்காருவான். என் பொண்ணுக்கு அவன் சித்தப்பா. வருஷக்கணக்கா ரெண்டு பேரும் ஒரே ஷீட்டோட ரெண்டு முனை. ஒருத்தர் கை எந்த வேகத்துல போகும்னு இன்னொருத்தர் பார்க்காமலே தெரிஞ்சு வெச்சிருப்பாங்க. அந்த வேலையே அப்படித்தான். ஒரு கை முந்தி, ஒரு கை பிந்தினா ஷீட் கோணிக்கிட்டு உள்ளே போகும், மடிப்பு விழுந்து வெந்துடும்.

வெயில் காலம் வந்தா அந்தக் கூடத்துல மனுஷன் நிக்க முடியாது. எங்களுக்காவது பாவாடை. ஆம்பளைங்களுக்கு தடிமனா காக்கி பேன்ட். தொடையெல்லாம் வேர்க்குரு, உரசி உரசிப் புண்ணு. எங்க வீட்டுக்காரர் சாயந்திரம் வீட்டுக்கு வர்றப்ப காலை அகட்டி அகட்டி வாத்து மாதிரி வருவாரு. பவுடர் டப்பா வாங்கி வாங்கி எனக்கு அலுத்துப் போச்சு. கடைசியில சங்கத்துக்காரங்க போய் அரை டவுசர் போட்டுக்க அனுமதி கேட்டாங்க. மேனேஜர் ஏசி ரூம்ல உட்கார்ந்துக்கிட்டு, "ரூல்ஸ்ல பேன்ட், ஸ்கர்ட் இந்த ரெண்டுதான் போட்டிருக்கு. அரை டவுசர்னு ஒரு வார்த்தை கிடையாது. அவ்வளவு சூடா இருந்தா ஸ்கர்ட் கட்டிக்கங்க"ன்னு சிரிச்சாராம்.

மீசை விடுவானா? "கட்டிக்கிட்டா?"

"கட்டிக்கங்களேன். யார் வேண்டாம்னா?"

வேலியில போற ஓணானைப் பிடிச்சு மடியில விட்டுக்கிட்டார் மனுஷன்.

மறுநாள் காலையில எங்க கூடத்தைப் பார்க்கணுமே! அத்தனை ஆம்பளைங்களும் பொண்டாட்டி பாவாடை, அக்கா பாவாடை, பக்கத்து வீட்டுப் பாவாடை. பாய்லர்காரருக்கு அவர் சம்சாரத்தோடது முட்டிக்கு மேலேயே நின்னுடுச்சு, கீழே ரெண்டு தேங்கா நார்க் கால். ஒருத்தன் உதட்டுக்குச் சாயம் பூசிக்கிட்டு வந்தான். ஒருத்தன் "ஐயோ, தொடாதீங்க"ன்னு கீச்சுக்குரல்ல கத்திக்கிட்டு ஓடறான், இன்னொருத்தன் துரத்தறான். மீசை பாவாடையைச் சுழட்டிக்கிட்டு மேனேஜர் ரூம் கண்ணாடிக்கு முன்னாடி ஒரு ஆட்டம் போட்டான். எல்லாரும் செல்போன்ல பிடிச்சாங்க. நானும் வயிறு வலிக்கச் சிரிச்சேன்.

என்கூட மடிக்கறவ ஒருத்தி இருக்கா, குள்ளமா இருப்பா, குட்டையம்மான்னு கூப்பிடுவோம். அவ சிரிக்கலை. "அக்கா, நல்லாப் பாருங்க. இவனுங்க சூட்டுக்காகக் கட்டலை, நம்மளை நக்கல் பண்ணக் கட்டியிருக்கானுங்க. நாம என்ன இப்படியா இடுப்பை ஒடிச்சு ஒடிச்சு நடக்கறோம்?"ன்னா. நான் சிரிக்கறதை நிறுத்திட்டு நல்லாப் பார்த்தேன்.

அப்புறம்தான் எங்க வீட்டுக்காரரைக் கவனிச்சேன். அவர் இடுப்பை ஒடிக்கலை, கண்ணைச் சிமிட்டலை, யாரையும் துரத்தலை. பாவாடையைக் கட்டிக்கிட்டு, எப்பவும் நிக்கற இடத்துல நின்னு, எப்பவும் போல ஷீட் குடுத்துக்கிட்டு இருந்தாரு. தண்ணி குடிக்கப் போற சாக்குல பக்கத்துல போய், "என்ன, நல்லாருக்கா?"ன்னு கிண்டலாக் கேட்டேன்.

"நல்லாருக்கு"ன்னாரு. அதுல கிண்டலே இல்லை.

சாயந்திரம் எல்லாரும் கேட் பக்கத்துலயே பேன்டுக்கு மாறிட்டாங்க. இவர் மாறலை. ரோட்டுல இறங்கி நடக்க ஆரம்பிச்சுட்டாரு. "ஏங்க, மாத்தலையா?"ன்னேன். "எதுக்கு?"ன்னாரு. "பஸ் ஸ்டாப் வழியா போகணும்ங்க!" "போவோம். காத்து வருது." பஸ் ஸ்டாப்ல ரெண்டு பேர் விசிலடிச்சானுங்க. நான் அவங்களை முறைச்சுக்கிட்டே அவருக்கு மறைப்பா நடந்தேன். அவர் பாட்டுக்கு வேர்க்கடலைப் பொட்டலம் வாங்கிக்கிட்டு வந்தாரு.

வீட்டுக்கு வந்து நாற்காலியில காலை விரிச்சு உட்கார்ந்தாரு. "காலைச் சேர்த்து வெச்சு உட்காருங்க, மானம் போகுது!"ன்னு கத்தினேன். சின்ன வயசுல எங்கம்மா என்னைத் திட்டின அதே வார்த்தை என் வாயில இருந்து வருது. அவர் சேர்த்து வெச்சுக்கிட்டு, "இதுக்கு இதெல்லாம் வேற இருக்கா?"ன்னாரு. எங்க பொண்ணு, பள்ளிக்கூடத்துல கடைசி வருஷம் படிக்கறவ, விழுந்து விழுந்து சிரிச்சா. அன்னிக்கு அந்த ரெண்டு ரூம் வீடே கலகலன்னு இருந்துச்சு.

ஆம்பளைங்க பாவாடை கட்டின படம் எங்கெங்கோ சுத்தி முதலாளி கண்ணுல பட்டுடுச்சு. மேனேஜருக்குச் செம டோஸ். மீசையை உள்ளே கூப்பிட்டுப் பேசினாங்க. வெளிய வர்றப்ப கையில அரை டவுசர். பசங்க அவனைத் தோள்ல தூக்கிட்டாங்க. நோட்டீஸ் போர்டுல புது ரூல் ஒட்டினாங்க: ஆண்களுக்கு முழு பேன்ட் அல்லது அரை பேன்ட், பெண்களுக்கு ஸ்கர்ட். கீழே மீசையோட கையெழுத்து.

குட்டையம்மா எட்டிப் பார்த்துட்டு, "பழைய ரூல்ல ஆம்பளை, பொம்பளைன்னு பிரிக்கவே இல்லையே. இதுல பிரிச்சுட்டீங்களே. அப்ப எங்களுக்கு பேன்ட்?"ன்னு கேட்டா. "அதை அடுத்த தடவை பேசிக்கலாம் தங்கச்சி"ன்னு மீசை அவ தலையில ஒரு தட்டு தட்டிட்டுப் போனான். அந்த அடுத்த தடவை எப்ப வரும்னு எங்களுக்குத் தெரியாதா என்ன.

மறுநாள் எல்லாரும் அரை டவுசர். எங்க வீட்டுக்காரர் பாவாடை.

"அண்ணே, உங்களுக்கு மட்டும் தந்தி வரலையா? போராட்டம் முடிஞ்சுபோச்சு!"ன்னு ஒரே சிரிப்பு. இவரும் கூடச் சிரிச்சாரு. அடுத்த நாளும் பாவாடை. சிரிப்பு பாதியாச்சு. அதுக்கடுத்த நாளும் பாவாடை. அப்ப யாரும் சிரிக்கலை.

எனக்கு உள்ளுக்குள்ள பத்திக்கிட்டு வந்துச்சு. காலையில சோறு வடிச்சுக்கிட்டே பிடிச்சுக்கிட்டேன். "உங்களுக்கு என்னங்க ஆச்சு? அரை டவுசர் குடுத்துட்டாங்க இல்ல? அது உரசுதா?"

"கொஞ்சம் உரசுது. ஆனா அதுக்காக இல்லை."

"பின்னே எதுக்காக?"

"புடிச்சிருக்கு."

"என்ன புடிச்சிருக்கு?"

"இது புடிச்சிருக்கு. நீ ஏன் பச்சைக்கல் தோடு போட்டிருக்கே?"

"புடிச்சிருக்கு, போட்டிருக்கேன்."

"அவ்வளவுதான்."

"அதுவும் இதுவும் ஒண்ணா? ஆம்பளைக்கு இது புடிக்கலாமா?"

"வீட்ல கைலி கட்டறேனே, அது மட்டும் புடிக்கலாமா?"

"அது கைலிங்க!"

"அதுக்கும் இதுக்கும் நடுவுல ஒரு ஹூக்கு. அதையும் நீதான் தைச்சே"ன்னு சொல்லிட்டு டிபன் பாக்ஸை எடுத்துக்கிட்டுக் கிளம்பிட்டாரு. எனக்கு வாயடைச்சுப் போச்சு. நான் வாயடைச்சு நிக்கற ஆளே இல்லை, கேட்டுப் பாருங்க எங்க தெருவுல.

என் ஆத்திரம் ஊர் பேசுதேன்னு மட்டும் இல்லை. இந்தப் பாவாடையை நான் ஆசைப்பட்டா கட்டறேன்? கட்டுன்னாங்க, கட்டறேன். குனிஞ்சா ஒரு கையைப் பின்னாடி வெச்சுக்கணும். ஏணியில ஏறினா கீழே எவன் நிக்கறான்னு பார்க்கணும். எனக்கு ஒரு பேன்ட் குடுத்துப் பாருங்க, அன்னிக்கே இந்தப் பாவாடை அடுப்படித் துணி. நான் எதை எப்படா கழட்டி எறிவோம்னு இருக்கேனோ, அதைப் போய் இந்த மனுஷன் வேணும்னு கட்டறாரேன்னு எரிச்சல். அவர்கிட்ட சொன்னேன். "உனக்கு பேன்ட் வேணும்னா நானும் கூட வந்து கேட்கறேன்"ன்னாரு. அதுக்கு என்ன சொல்ல முடியும்? கல்லுளிமங்கன்கிட்ட சண்டையும் போட முடியாது.

ஞாயித்துக்கிழமை மீசை வீட்டுக்கு வந்தான். அரை டவுசர்லதான் வந்தான். பெருமையை லீவு நாள்லயும் கழட்ட மனசில்லை போல. டீயைக் குடுத்தேன். குடிச்சுட்டு என்னைப் பார்த்துப் பேசினான், அவர் பக்கத்துலயே உட்கார்ந்திருக்காரு.

"அண்ணி, நீங்களாவது சொல்லுங்க. ஜெயிச்சாச்சு. கூத்து முடிஞ்சா வேஷத்தைக் கலைக்கணும். இவர் இப்படியே வந்தா மத்தவங்க என்ன பேசறாங்க தெரியுமா? அப்ப நீங்க கட்டினதும் இப்படித்தானோன்னு வீட்ல பொண்டாட்டிங்க கேட்கறாங்களாம். எங்க மானம் போகுது அண்ணி."

"நான் வேஷம் போடலையே"ன்னாரு எங்க வீட்டுக்காரர்.

"அதான் அண்ணே பிரச்சினை!"

"அன்னிக்கு நீயும் கட்டினே. நல்லாருக்குன்னு சொன்னே."

"ஐயோ, அது சும்மா அண்ணே. தமாஷுக்கு."

"எனக்கு நிஜமாவே நல்லாருந்துச்சு"ன்னாரு. மீசை எந்திரிச்சான். செருப்பை மாட்டிக்கிட்டே, "இனிமே நான் உங்களுக்கு ஜோடி நின்னா என்னையும் சேர்த்துப் பேசுவாங்க. மன்னிச்சுக்கங்க"ன்னான். ஆத்தைக் கடக்கற வரைக்கும் அண்ணன் தம்பி, அப்புறம் நீ யாரோ நான் யாரோ. அந்தப் பழமொழி சொன்னவன் எங்க வீட்டு வாசல்ல நின்னு பார்த்துத்தான் சொல்லியிருக்கணும்.

திங்கக்கிழமை கொடுக்கற பக்கத்துல அவர் ஒரு முனையைப் பிடிச்சுக்கிட்டு நிக்கறாரு. எதிர் முனைக்கு ஆள் இல்லை. சூப்பர்வைசர் ஒவ்வொருத்தனாக் கூப்பிடறாரு. ஒருத்தனுக்குத் தோள் வலி, ஒருத்தனுக்குக் கண்ணு மங்கல், பாய்லர்காரரால பாய்லரை விட்டு வரவே முடியாதாம். மூணு நாள் முன்னாடி வரைக்கும் அவர் டப்பாவுல கை விட்டுச் சாப்பிட்டவனுங்க. ஈர ஷீட் தரையில கிடக்குது, மெஷின் சும்மா சுத்துது. எனக்குத் தாங்கலை. வாங்கற பக்கத்தை விட்டுட்டு சுத்திக்கிட்டு வந்து, அந்த முனையை நான் எடுத்தேன்.

"குடுங்க"ன்னேன். குடுத்தாரு. ரெண்டு பேரும் இழுத்து உள்ளே விட்டோம். முதல் ஷீட் கோணிச்சு. அடுத்தது கொஞ்சம் நேராச்சு. அதுக்கடுத்தது ஜம்முனு போச்சு. வீட்ல போர்வை மடிக்கற புருஷன் பொண்டாட்டிக்கு இது பெரிய வித்தையா? அவர் என்னைப் பார்த்துச் சிரிச்சாரு. நான் சிரிக்கலை, கோபம் கோபமாத்தான் இருந்துச்சு.

சூப்பர்வைசர் ஓடி வந்தாரு. "ஏம்மா, கொடுக்கற பக்கம் பொம்பளைங்களுக்குக் கிடையாது, தெரியாதா? பாவாடை மெஷின்ல சிக்கிடும்."

"வாங்கற பக்கம் சிக்காதா சார்?"

"அது உங்களுக்குப் பழக்கம்."

பழகின பாவாடையை மெஷின் ஒண்ணும் பண்ணாதாம்! என்னைத் திருப்பி அனுப்பிட்டு, அவரை அழுக்கு ரூமுக்கு மாத்திட்டாங்க. ஆஸ்பத்திரி மூட்டையைப் பிரிச்சு ரத்தம், சீழ், மலம்னு வகை பிரிக்கற இடம். புதுசா வர்றவங்களையும், தண்டனைக்காரங்களையும்தான் அங்க போடுவாங்க. அங்கயும் அவர் அதே பாவாடையில நின்னு பிரிச்சாரு. சாயந்திரம் வந்து அதைத் தானே தோய்ச்சு, தானே இஸ்திரி போட்டு வெச்சுக்குவாரு. முன்னெல்லாம் அவர் கர்சீஃப்கூட நான்தான் தோய்க்கணும்.

பொண்ணு சிரிக்கறதை நிறுத்திட்டா. அவ வகுப்புப் பசங்க அந்தப் படத்தை அவளுக்கே அனுப்பியிருக்கானுங்க. "அப்பா, வீட்ல கட்டிக்கங்கப்பா. வேலைக்கு மட்டும் வேண்டாம். பரீட்சை முடியற வரைக்குமாவது"ன்னு கெஞ்சினா. அன்னிக்கு அவருக்குச் சோறு இறங்கலை. நானும் விடலை. சாண் பிள்ளையானாலும் ஆண் பிள்ளைம்பாங்க, நீங்க என்னடான்னா இப்படி நிக்கறீங்களேன்னு வாய்க்கு வந்தபடி திட்டினேன். வீடு அவர் வேலைக்குக் குடுத்த வீடு. வேலை போனா, பரீட்சை நேரத்துல பொண்ணையும் பாத்திரத்தையும் தூக்கிக்கிட்டு எந்தத் தெருவுல போய் நிக்கறது? இதைத்தான் தினமும் கேட்டேன்.

கடைசியில மேனேஜர் விசாரணை வெச்சாரு. ரூமுக்குள்ள கூப்பிட்டு முடிச்சிருக்கலாம். ஆனா அன்னிக்குப் பாவாடை ஆட்டத்துல எல்லார் முன்னாடியும் அசிங்கப்பட்டவர் இல்லையா, இப்ப எல்லார் முன்னாடியும் ஜெயிக்கணும். சாப்பாட்டுக் கூடத்துல அத்தனை பேரையும் உட்கார வெச்சு, நடுவுல இவரை நிக்க வெச்சாரு. பாவாடை, முழுக்கைச் சட்டை, எண்ணெய் தடவி வாரின தலை. என் புருஷன் பார்க்க லட்சணமாத்தான் இருந்தாரு, நான் என்னத்தைச் சொல்ல.

"நாளைக்கு பேன்ட்ல வரணும். இல்லைன்னா வேலை கிடையாது, வீட்டையும் காலி பண்ணணும். என்ன சொல்றே?"

"என் வேலையில குறை இருக்கா சார்?"

"வேலையில குறை இல்லைப்பா."

"அப்புறம் எதுக்கு சார்?"

மேனேஜர் நோட்டீஸ் போர்டைக் கை காட்டினாரு. "உங்க தலைவரே கையெழுத்துப் போட்டிருக்காரு, பாரு."

எல்லாரும் மீசையைத் திரும்பிப் பார்த்தாங்க. அவனுக்கு முகம் செத்துப் போச்சு. ஏதோ கொஞ்சம் மனசாட்சி குத்தியிருக்கும், இத்தனை வருஷம் தின்ன சோறு பேசியிருக்கும். சட்டுனு எந்திரிச்சான். "சார், ஒரு நிமிஷம். அண்ணன் வெளிய சொல்லக் கூச்சப்படறாரு, நான் சொல்லிடறேன். அவருக்கு உடம்புக்கு முடியலை சார். அந்த இடத்துல ஒரு கட்டி. பேன்ட், டவுசர் எதுவும் போடக்கூடாதுன்னு டாக்டர் சொல்லியிருக்காரு."

கூடம் முழுக்க "அடப்பாவமே"ன்னு ஒரு சத்தம். ஒவ்வொருத்தன் முகத்துலயும் அப்படி ஒரு நிம்மதி! வியாதின்னா சரி. வியாதின்னா புரியுது. பாய்லர்காரர் கண்ணைத் துடைச்சுக்கிட்டாரு. மேனேஜரே குரலை இறக்கி, "இதை முன்னாடியே சொல்லியிருக்கலாமேப்பா"ன்னாரு.

அவ்வளவுதான், எனக்கு எங்கிருந்து வந்துச்சோ தெரியலை. என் புருஷனை நான் திட்டுவேன், காறித் துப்புவேன். அடுத்தவன் எப்படி நோயாளின்னு சொல்லலாம்? பெஞ்சைத் தள்ளிட்டு எந்திரிச்சேன்.

"கட்டியும் இல்லை, ஒரு புடலங்காயும் இல்லை! ஆள் நல்லாக் கல்லு மாதிரி இருக்காரு. ராத்திரி குறட்டை விட்டுத் தூங்கறாரு, காலையில மூணு தட்டு சாப்பிடறாரு. அவருக்கு அது புடிச்சிருக்கு, கட்டியிருக்காரு. உங்களுக்கெல்லாம் அரை டவுசர் புடிச்ச மாதிரி! நீங்க கட்டிக்கிட்டு ஆடினப்ப வியாதி இல்லை, அவர் கட்டிக்கிட்டு ஒழுங்கா வேலை பார்த்தா வியாதியா? எவனுக்குடா இங்க வியாதி?"

குட்டையம்மா மட்டும் மெதுவாக் கையைத் தட்ட ஆரம்பிச்சா, பாதியில நிறுத்திட்டா. எங்க வீட்டுக்காரர் என்னைப் பார்த்தாரு. கல்யாணமாகி இத்தனை வருஷத்துல என்னை அப்படி ஒரு தடவை பார்த்ததில்லை. அவருக்கு அதுவரைக்கும் நான் அவர் கட்சின்னு தெரியாது. எனக்கே அப்பதான் தெரிஞ்சுது.

அப்புறம் அவர் மேனேஜர் பக்கம் திரும்பினாரு.

"இருக்கு சார்"ன்னாரு. "கட்டி இருக்கு. அவளுக்குத் தெரியாது. பயந்துடுவாள்னு சொல்லலை."

நான் அப்படியே உட்கார்ந்துட்டேன்.

அதுக்கப்புறம் அங்க நடந்ததுக்குப் பேர் பாசம். ஆளாளுக்கு வந்து அவர் தோள்ல தட்டறாங்க. "மன்னிச்சுக்கங்க அண்ணே, தெரியாமப் பேசிட்டோம்." மேனேஜர் அவரை மறுபடியும் கொடுக்கற பக்கமே போகச் சொன்னாரு, டாக்டர் சீட்டு அப்புறம் மெதுவாக் குடுத்தாப் போதும்னாரு. பொம்பளைங்க நாலு பேர் என்னைச் சுத்திக்கிட்டு முதுகைத் தடவறாங்க. புருஷனுக்கு என்ன நோய்னுகூடத் தெரியாத பாவப்பட்டவ நான். மீசை குனிஞ்சு என் காதுல, "எப்படிக் காப்பாத்தினேன் பார்த்தீங்களா அண்ணி? நீங்க கெடுக்கப் பார்த்தீங்களே"ன்னான்.

வீட்டுக்கு நடக்கறப்ப கேட்டேன். "ஏங்க அப்படிச் சொன்னீங்க? நான் சமாளிச்சிருப்பேன் இல்ல? அவனுங்க எல்லாரையும் ஒரு வழி பண்ணியிருப்பேன்."

"தெரியும். அதான் சொன்னேன்"ன்னாரு. "வீடு போயிடும்ல. புள்ளைக்குப் பரீட்சை."

அது நான் தினமும் சொன்ன வார்த்தை. அதையே எனக்குத் திருப்பிக் குடுத்துட்டாரு.

அதுக்கப்புறம் அவர் பாவாடையில போக ஒரு தடையும் இல்லை. மீசையே எதிர் முனையில வந்து நின்னான். ஒருத்தன் ஸ்டூல் கொண்டு வந்து போடறான், உட்கார்ந்துக்கங்க அண்ணேன்னு. ஒருத்தன் மூட்டையைத் தூக்க விடமாட்டேங்கறான். டீ குடிக்கறப்ப சுத்தி உட்கார்ந்துக்கிட்டு கேள்வி. எந்தப் பக்கம் கட்டி? எலுமிச்சை அளவா, சாத்துக்குடி அளவா? உடையறதா, உடையாததா? என் மச்சானுக்கு இருந்துச்சு, வேப்பெண்ணெய் போட்டான், அமுங்கிப் போச்சு. பொய் சொல்லிப் பழக்கமில்லாத மனுஷன், நேத்து வலது பக்கம்னு சொன்னதை மறந்து இன்னிக்கு இடதுன்னுட்டு முழிக்கறாரு. அது ரெண்டு பக்கமும் பரவிடுச்சுன்னு கூடம் முழுக்கப் பேச்சு. பாவாடையை இப்ப யாரும் கேலி பண்ணலை. பாவாடையைப் பார்க்கறதே இல்லை. அவங்க கண்ணுக்கு அது புண்ணுக்குப் போடற கட்டுத்துணி ஆயிடுச்சு.

ஒரு நாள் காலையில பார்க்கறேன், காக்கி பேன்டை மாட்டிக்கிட்டு நிக்கறாரு. அரை டவுசர்கூட இல்லை, அந்தத் தடி பேன்ட். பெல்ட் ஓட்டையைத் தேடிக்கிட்டு இருக்காரு.

"என்னங்க இது? யாராவது ஏதாவது சொன்னாங்களா?"

"யாரும் ஒண்ணும் சொல்லலை. தினம் கட்டி எவ்வளவு பெரிசுன்னு கேட்கறாங்க. இன்னிக்கு என்ன சொல்றதுன்னு தெரியலை."

"கேட்டாக் கேட்கட்டும். நீங்க கட்டுங்க. உங்களுக்குப் புடிச்சிருக்குல்ல?"ன்னேன். நான்தான் கேட்டேன் அதை.

"புடிச்சிருந்துச்சு"ன்னாரு.

கூடத்துக்குள்ள அவர் நுழைஞ்சதும் ஒரே ஆரவாரம். மீசை ஓடி வந்து கட்டிப்பிடிச்சான். "அண்ணே, குணமாயிடுச்சா?"

"ஆயிடுச்சுப்பா."

"முழுசாவா?"

"முழுசா."

கை தட்டினாங்க. மேனேஜர் ரூமை விட்டு வெளிய வந்து கைகுடுத்தாரு. உள்ளூர்ல எந்த டாக்டர்னு பாய்லர்காரர் கேட்டு வெச்சுக்கிட்டாரு. எங்க வீட்டுக்காரர் எல்லாருக்கும் தலையாட்டிட்டு, தன் இடத்துல போய் நின்னு, முனையை எடுத்தாரு. மெஷின் ஓட ஆரம்பிச்சுது. எல்லாருக்கும் அன்னிக்கு அப்படி ஒரு சந்தோஷம்.

இடைவேளையில மீசை வாங்கற பக்கத்துக்கு வந்தான். அவன் கண்ணு கலங்கியிருந்துச்சு, நிஜமாவே கலங்கியிருந்துச்சு. "அண்ணி, நான் எவ்வளவு வேண்டிக்கிட்டேன் தெரியுமா? அண்ணன் பழையபடி ஆயிட்டாரு. உங்களுக்குச் சந்தோஷம்தானே?"

என் வாய் இதுவரைக்கும் எவனுக்கும் அடங்கினதில்லை. மாமியாருக்கு அடங்கலை, மேனேஜருக்கு அடங்கலை. அப்ப நாக்கு நுனியில வந்து நின்னதைச் சொல்லியிருந்தா, அவன் அந்த மீசையைச் சிரைச்சுட்டு ஊரை விட்டே ஓடியிருப்பான். ஆனா சொன்னா அவர் பொய் சொன்னது ஆயிடும். பொய்யின்னா வேலை போயிடும், வீடும் போயிடும். அந்தப் பக்கம் அவர் என்னையே பார்த்துக்கிட்டு நிக்கறாரு, நான் என்ன சொல்லப்போறேன்னு.

"சந்தோஷம்ப்பா"ன்னேன். "நல்லபடியா குணமாயிட்டாரு."